நூற்றைந்து அடிக்கு மேலே நடப்பது: பவானிசாகர் பாசன விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்

கீழ்பவானி, தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் வாய்க்கால்களில் பாசனம் செய்யும் விவசாயப் பெருமக்களுக்கும் பாசனச் சங்கத்தாருக்கும்,

வணக்கம்ங்க.

பவானிசாகர் அணையின் உயரம் 120 அடி. சேறு சகதிக்கு 15 அடி கழித்தால் 105 அடி. இந்தக் கணக்கு உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஜூன் பிறந்துவிட்டால் காலையில் செய்தித்தாளை விரித்ததும் நீர்மட்டம், நீர்வரத்து, இருப்பு என்று மூன்று எண்ணையும் பார்த்த பிறகுதான் மற்ற செய்தி. ஆகஸ்டு 15-இல் திறப்பார்களா, இந்த முறை ஒற்றைப்படை மதகா இரட்டைப்படை மதகா, கடைமடைக்கு வந்து சேருமா என்று டீக்கடையிலிருந்து ஈரோட்டு ஆட்சியர் அலுவலகக் கூட்டம் வரை அதே பேச்சுதான். அந்தப் பேச்சில் அதிகம் வராத ஒன்றைச் சொல்லவே இந்த மடல். அணைக்கு மேலே, நீங்கள் குடிக்கிற, பாய்ச்சுகிற தண்ணீர் பிறக்கிற நிலத்தில் என்ன நடக்கிறது என்பதை.

நான் நீலகிரி குந்தா வட்டத்தில் கொஞ்சம் தேயிலையும் கொஞ்சம் மலைக்காய்கறியும் வைத்திருக்கும் சிறு விவசாயி. எங்கள் தோட்டத்தில் விழுகிற மழையில் ஓடையேறுவதெல்லாம் கடைசியில் உங்கள் அணைக்குத்தான் வருகிறது. அந்த ஒரு உறவை வைத்துத்தான் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே: தண்ணீரில் பங்கு கேட்கிற நீங்கள், அந்தத் தண்ணீரைத் தருகிற மலைநிலம் எப்படிப் பயன்பட வேண்டும் என்பதிலும் வாய் திறக்க வேண்டும்.

முதலில் நிலத்தின் அமைப்பு. பவானி நீலகிரியின் தென்மேற்கு மூலையில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, முக்காலிக்கு அருகே வடகிழக்காகத் திரும்பி, அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வருகிறது. வழியில் சிறுவாணி சேர்கிறது. பில்லூர் அணைப் பக்கம் எங்கள் குந்தா ஆறு வந்து கலக்கிறது. மேட்டுப்பாளையத்தை ஒட்டிக் குன்னூர் ஆறும் கல்லாறும் சேர்கின்றன. இது ஒரு கை. இன்னொரு கை முக்குருத்தியில் தொடங்குகிறது. பைக்காராவாக ஓடி, அருவியாக விழுந்து, மாயாறு என்று பெயர் மாறி, முதுமலைக்கும் தெங்குமரகடாவுக்கும் நடுவே அந்தப் பெரும் பள்ளத்தில் கிழக்கே ஓடி நேரே பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் வந்து விழுகிறது. இரண்டு கையும் சேர்த்து அணைக்கு நீர் பிடித்துத் தரும் பரப்பு ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர்.

இந்தப் பரப்பு முழுவதும் ஒரே மாதிரி நிலமில்லை. நீலகிரிக்குத் தலை தட்டை, ஓரம் செங்குத்து. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 சொச்சம் மீட்டரில் இருக்கிறது. மலை ரயிலுக்கு இந்த இறக்கம் 46 கிலோமீட்டர், தண்ணீருக்கு அவ்வளவு வளைவு தேவையில்லை. ஓரத்துக்கு வந்துவிட்ட தண்ணீரை எதுவும் நிறுத்தாது, சில மணி நேரத்தில் அது சமவெளியில் இருக்கும். ஆகவே தண்ணீர் தங்குமா ஓடிவிடுமா என்று முடிவாவதெல்லாம் மேலே, அந்தப் பீடபூமியில். அங்கே குன்றுகள் உருண்டு திரண்டவை. பாறைக்கு மேலே ஆள் உயரத்துக்கும் பல மடங்கு ஆழமாக மக்கிய மண். இரண்டு குன்றுக்கு நடுவே அகலமான தட்டைப் பள்ளம், அதில் சதுப்பு. மழை இந்த மண்ணுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் நகர்ந்து, சதுப்பின் ஓரத்தில் கசிந்து ஓடையாகிறது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பைக்காராவிலும் குந்தாவிலும் ஓடுகிற தண்ணீரில் பெரும்பங்கு முந்தைய மழைக்காலத்தில் பெய்தது.

மழையும் மலையைப் பார்த்துத்தான் பெய்கிறது. மேல்பவானி, அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அதே நாளில் கோத்தகிரியில் வெயில் அடிக்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. உங்கள் கணக்கில் சொன்னால், மேற்கே உள்ள நிலம் உங்கள் ஆகஸ்டு திறப்புக்குப் பொறுப்பு. கிழக்குச் சரிவுகளின் மழை அதற்குப் பின்வரும் மாதங்களுக்கு உதவும்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,200 சதுர கிலோமீட்டரில் ஒரே ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட 1.5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி). அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கத் திட்டமிட்ட நீரே 1.5 டி.எம்.சி.தான். 2024 ஆகஸ்டில் அது தொடங்கியபோது எத்தனை ஆண்டுக் கனவு என்று எல்லோரும் பேசினோம். மேலே மண் ஒரு சென்டிமீட்டர் மழையைக் கூடுதலாகப் பிடித்து வைத்து மெல்ல விடுவதும், பிடிக்காமல் வெள்ளமாக அனுப்பிவிடுவதும் அவ்வளவு பெரிய வித்தியாசம். வெள்ளமாக வந்தால் அணை நிரம்பிய பிறகு காவிரிக்குப் போய்விடும். மெல்ல வந்தால் இரண்டாம் போகத்துக்கு இருக்கும்.

அந்த மேல்மண்ணுக்கு என்ன ஆயிற்று?

ஆங்கிலேயர் வந்து அளந்தபோது மேல் பீடபூமியில் பெரும்பகுதி புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. 1849-இல் ஏறத்தாழ 30 ஆயிரம் எக்டேர் இருந்த புல்வெளி, 1992-இல் 5 ஆயிரம் எக்டேருக்கும் கீழே போயிருந்தது. சோலையும் பாதியாகச் சுருங்கிவிட்டது. புல்லுக்கு வருமானம் கிடையாது என்பதுதான் அதன் குற்றம். தோடர்களின் எருமைகளுக்கு அது மேய்ச்சல், அரசாங்கத்துக்கு அது வீண் நிலம். முதலில் விறகுக்கென்று கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் காகிதக்கூழ், விஸ்கோஸ் கூழ் எடுக்கவும் இன்னும் பெரிய அளவில் வைத்தார்கள். சிறுமுகையில் ஆற்றங்கரையில் இருந்த விஸ்கோஸ் ஆலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் கழிவு பவானியில் கலந்ததற்கு எதிராகச் சமவெளியே கொதித்தது, நியாயமான கொதிப்பு. ஆனால் அந்த ஆலைக்குக் கூழ் மரம் கொடுத்த தோட்டங்கள் மேலே உங்கள் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்ததைப் பற்றி அன்றைக்கு மேலேயும் பேச்சில்லை, கீழேயும் பேச்சில்லை.

குடித்தது என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. ஊட்டியில் உள்ள மத்திய அரசின் மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சுமார் 32 எக்டேர் உள்ள, ஒன்றுக்கொன்று ஒத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை இயற்கைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றதில் 1972-இல் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் வைத்தார்கள். இரண்டின் வாயிலிலும் அளவைத் தொட்டி கட்டி, வருகிற தண்ணீரை வருடக்கணக்கில் குறித்தார்கள். முதல் பத்தாண்டில் மரம் வைத்த பக்கம் நீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து தழைத்து வந்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. இரண்டாம் சுற்றில் ஏன் கூடியது? வேர் ஏற்கெனவே ஆழத்துக்குப் போயிருந்தது, துளிர்த்த நாளிலிருந்தே மரம் ஆழத்து நீரை இழுக்கத் தொடங்கிவிட்டது. புல் அப்படியில்லை. டிசம்பர், ஜனவரி உறைபனியில் அது கருகிப் படுத்துவிடும், அந்த மாதங்களில் அது குடிப்பது மிகக் குறைவு. கற்பூர மரத்துக்கு ஓய்வே கிடையாது. கிளென்மார்கன் நீர் எங்கே போகிறது என்றால், பைக்காரா – மாயாறு வழியாக உங்கள் அணைக்கு.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆய்வில் மரம் வைத்த பக்கத்தில் வெள்ள உச்சமும் குறைந்திருந்தது. மரம் மண்ணைப் பிடித்தும் வைக்கும். ஆக, மரம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நிலத்தில் எந்த மரம் என்பதுதான் கேள்வி.

இதைச் சொன்ன கையோடு ஒரு வேண்டுகோள், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோடை விடுமுறையில் பேருந்து பிடித்து வந்து "பவானியைக் காப்போம்" என்று பதாகை கட்டி, எங்கள் புல்மேடுகளில் மரக்கன்று நட்டுவிட்டுப் போகிற நல்ல உள்ளங்கள் பல. படம் அழகாக இருக்கிறது. ஆனால் புல்வெளியில் நட்ட ஒவ்வொரு கன்றும் உங்கள் வாய்க்காலில் வைத்த குழாய். சோலை இருந்து அழிந்த மடிப்பில் சோலை மரம் நடுங்கள், நாங்களே குழி வெட்டித் தருகிறோம். மொட்டையாகத் தெரிகிற மேட்டை அப்படியே விட்டுவிடுங்கள், அது மொட்டை இல்லை.

இருக்கிற சீகையையும் கற்பூரத்தையும் எடுப்பதிலும் அவசரம் ஆகாது. அந்நிய மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, அரசும் கொள்கை வகுத்திருக்கிறது. நல்லது. ஆனால் சீகை விதை மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டினாலோ தீப்பிடித்தாலோ கீரை முளைப்பதுபோல் முளைக்கும். சரிவில் கனரக இயந்திரத்தை ஏற்றி ஒரே கோடையில் வழித்தெடுத்துவிட்டு, அடுத்த ஜூனில் மழைக்கு விட்டால் மண் பில்லூருக்கு வந்துவிடும். வெட்டிய மறுவருடமும் அதற்கடுத்த வருடங்களும் நாற்றுகளைக் கையால் பிடுங்கிப் புல் வளர்க்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். டெண்டரில் மர எடைக்கு விலை போடுகிறார்கள். பிறகு நடக்க வேண்டிய புல் வேலைக்கும் அதே டெண்டரில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டியவர்கள் நீங்கள். பயன் உங்களுக்கு வருகிறது.

அடுத்து எங்கள் காய்கறி. இதில் நான் என் சக விவசாயிகளையே பற்றிப் பேசுகிறேன், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கேத்தி பாலாடா, நஞ்சநாடு, எமரால்டு என்று போகிற வழியெல்லாம் கேரட்டும் உருளையும் பீட்ரூட்டும் பூண்டும் விளைவதைப் பார்த்திருப்பீர்கள். பார் (நடவுக்கு மண் அணைத்த மேடு) பிடித்திருப்பது பல இடங்களில் சரிவுக்குக் குறுக்கே இருக்காது, மேலிருந்து கீழாக இருக்கும். மண் ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் முட்டாள்களா? கிழங்குப் பயிரின் காலில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். குறுக்கே பார் பிடித்தால் ஜூலை மழையில் நீர் தேங்கும். நெடுக்கே பிடித்தால் நீர் ஓடிவிடும், மண்ணும் கூடவே ஓடும். கிழங்கு தப்பிக்கும், நிலம் தேயும். இரண்டும் தப்ப ஒரு வழி உண்டு. உட்பக்கம் லேசாகச் சாய்ந்த படிகளாக நிலத்தை வெட்டி, உள்ளோரத்தில் நீர் மெல்ல வழிந்து பக்கவாட்டில் புல்லோடையில் சேரும்படி செய்வது. அதைத்தான் அந்த ஆராய்ச்சி நிலையமும் பல பத்தாண்டாகச் சொல்லி வருகிறது. செலவு பெரியது. அதைவிடப் பெரிய தடை, காய்கறி போடும் நிலத்தில் நிறைய குத்தகை நிலம் என்பது. அடுத்த வருடம் அந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகைக்காரர் படி வெட்டுவாரா? நில உடைமையாளர் வெட்டுவாரா? அவர் வேறு ஊரில் இருக்கிறார். இடையில் மண் உங்களை நோக்கி வருகிறது. ஜூலையில் குந்தா ஆற்றின் நிறத்தைப் பார்த்தால் அந்த வருடம் எங்கே எத்தனை நிலம் உழவாகியிருக்கிறது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த நிறம்தான் பில்லூரில் படிகிறது. மழைக்காலத்தில் கோவைக்குக் குடிநீர் கலங்கலாகப் போவதும், பில்லூர்ச் சேற்றைத் தூர்வார வேண்டுமென்று வருடாவருடம் பேச்சு எழுவதும் அதனால்தான். பவானிசாகரில் கழிக்கிற அந்த 15 அடியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தேயிலையைப் பலர் திட்டுகிறார்கள். நான் அதில் முழுக்கச் சேர மாட்டேன், எனக்கும் தேயிலை இருக்கிறது என்பதால் மட்டும் இல்லை. நன்றாக மூடி வளர்ந்த தேயிலைக்குக் கீழே மண் ஓரளவு பத்திரமாகவே இருக்கிறது. இலைத் தழை மழையின் அடியை வாங்கிக்கொள்ளும். ஆபத்து புதிதாக நட்ட முதல் இரண்டு மூன்று வருடத்திலும், களைக்கொல்லி அடித்து வெறுமையாக்கிய பாதையிலும், விட்டுப்போன வயதான தோட்டத்திலும். பழைய எஸ்டேட்காரர்கள் சமமட்டத்தில் விட்டு விட்டு அகழி வெட்டி, நீரை நிறுத்தி நிறுத்தி இறக்குவார்கள். இப்போது அந்த அகழியைத் தூர்வாரக் கூலி கட்டுவதில்லை. பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு 2023-இல் எங்கள் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தது உங்களுக்குச் செய்தியாக வந்திருக்கும். மஞ்சள் விலை விழுந்த வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதே நிலைதான். இலை விலை விழுந்தால் தேயிலையைப் பிடுங்கிக் கேரட் போடுவார்கள், அல்லது காட்டேஜ் கட்ட விற்றுவிடுவார்கள். பவானிசாகருக்குத் தண்ணீர் எப்படி வரும் என்பதை மழை மட்டுமா முடிவு செய்கிறது? குன்னூர் ஏலத்தில் தேயிலைத்தூள் போகும் விலையும் முடிவு செய்கிறது. எனக்குத் தெரிந்து எந்த அணைக்கூட்டத்திலும் இந்த விலையைப் பேசியதில்லை.

மிக அதிகமாக வலிப்பது சதுப்புதான். பள்ளத்தில் தட்டையாகக் கிடப்பதால் அதைத்தான் முதலில் வடித்துக் காய்கறியாக்கினார்கள். இப்போது அதில்தான் கார் நிறுத்துமிடமும் தங்கும் விடுதியும் வருகின்றன. சாண்டிநல்லா சதுப்பில் படிந்திருக்கும் கரிமண் 40 ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழையது, அந்தக் கால மழையையும் புல்லையும் விஞ்ஞானிகள் அதிலிருந்துதான் படிக்கிறார்கள். அவ்வளவு காலம் நீர் பிடித்து வைத்த மண்ணைப் பொக்லைன் ஒரு வாரத்தில் புரட்டிவிடும். ஒரு நெடுங்கால்வாய் வெட்டினால் போதும், சதுப்பு வடிந்து உலர்ந்து, கரிமண் சுருங்கிச் சிதைந்துவிடும். பிறகு தண்ணீர் விட்டாலும் பழைய நிலைக்கு வராது. நீலகிரியில் பொக்லைனுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. கட்டுப்பாடு இருப்பதும் இரவில் இயந்திரச் சத்தம் கேட்பதும் இரண்டும் உண்மை.

ஒரு எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019 ஆகஸ்டு 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஒரு ஏக்கருக்கு 33 லட்சம் லிட்டர். அந்த நாளில் எந்தப் புல்லும் எந்தச் சோலையும் தண்ணீரை நிறுத்தியிருக்க முடியாது. மண் நிறைந்த பிறகு விழுவதெல்லாம் ஓடத்தான் செய்யும். பில்லூர் நிரம்பி வழிந்தது, மேட்டுப்பாளையம் ஆற்றங்கரைக்கு எச்சரிக்கை போனது. அப்படிப்பட்ட மழையைக் காட்டி "பார், காடு இருந்தும் வெள்ளம் வந்தது" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த மழைக்கு நில உபயோகம் பதில் சொல்லாது. ஆனால் வருடத்தில் பெரும்பாலான மழை அதைவிடப் பல மடங்கு சிறிய மழை. அந்த மழைகளைத்தான் நிலம் பிடிக்கும், அல்லது கோட்டைவிடும். உங்கள் கோடைக்கால நீர்வரத்து அந்த மழைகளின் கணக்கு.

கிழக்குச் சரிவில் கணக்கே வேறு. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே ஆழமான மண்ணில் நீர் இறங்குவதே ஆபத்தாகிவிடும், சரிவின் அடியைச் சாலைக்கோ வீட்டுக்கோ வெட்டி எடுத்திருந்தால். அதனால் "எல்லா இடத்திலும் நீரை மண்ணுக்குள் இறக்கு" என்று ஒரே மந்திரம் சொல்லிவிட முடியாது. பீடபூமியில் இறக்க வேண்டும். வெட்டிய சரிவின் தலைமாட்டில் குழி வெட்டி நீரை நிறுத்தக் கூடாது, பக்குவமாக வழிநடத்தி ஓடையில் விட வேண்டும். சமவெளியில் இருந்து திட்டம் வரைகிறவர்கள் இதை அடிக்கடி மறந்து, எண்ணிக்கை காட்ட எங்கும் குழி வெட்டச் சொல்கிறார்கள்.

உங்களில் சிலர் கேட்கலாம்: மேலே அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று மின்வாரியத்துக்கு வரிசையாக அணைகள் இருக்கின்றன, தண்ணீர் எப்போது வரும் என்பதை அவர்கள் இயந்திரம் ஓட்டும் நேரம்தானே முடிவு செய்கிறது, புல்லும் சதுப்பும் எங்கே வந்தன? நியாயமான கேள்வி. அந்த அணைகள் இருக்கிற ஓடைகளில் உங்கள் நீர்வரத்தின் நேரத்தை மின்வாரியம்தான் கொஞ்சம் மாற்றுகிறது. ஆனால் அணைக்குள் வருவதே குறைந்தால் அவர்கள் விடுவதும் குறையும், சேறு ஏறினால் கொள்ளளவு குறையும். அணைக்குக் கீழே சேர்கிற ஓடைகளுக்கும், குன்னூர் ஆற்றுக்கும், அட்டப்பாடிப் பக்கத்துப் பள்ளங்களுக்கும் அந்தக் காவலும் கிடையாது. அட்டப்பாடியின் கிழக்குப் பகுதி மழை மறைவு நிலம். காடு அழிந்து ஓடைகள் வற்றிப்போனதைப் பார்த்து, 1990-களில் ஜப்பான் கடனுதவியுடன் அங்கே நிலத்தை மீட்கும் பெரிய திட்டமே போட்டார்கள். அந்த நிலத்தின் நீரும் உங்களுக்குத்தான் வருகிறது.

இனி உங்கள் வீட்டு விஷயம் ஒன்று, கொஞ்சம் தயங்கித்தான் தொடுகிறேன். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் 709 கோடி ரூபாய்த் திட்டத்தில் நீங்கள் இரண்டாகப் பிரிந்து நின்றீர்கள். கடைமடைக்காரர்கள் தண்ணீர் வந்து சேரவில்லை என்றார்கள். மண் வாய்க்கால் வேண்டும் என்றவர்கள், கசிகிற நீரால்தான் இரு கரையிலும் கிணறு ஊறுகிறது, குளம் நிறைகிறது, தென்னை நிற்கிறது என்றார்கள். யார் பக்கம் நியாயம் என்று மலைக்காரன் சொல்வது அழகில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தில் இருதரப்புப் பேச்சையும் கேட்டபோது எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. மண் வழியாகத் தண்ணீர் எப்படி நகரும், எங்கே ஊறும், எத்தனை நாள் தாங்கும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் கிடையாது. 200 கிலோமீட்டர் வாய்க்காலின் கரையில் கசிகிற நீருக்காகச் சாலை மறியல் செய்தவர்கள், 4,200 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பின் மண்ணைப் பற்றிப் பேசாமலிருப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

பேசுவது என்றால் எப்படி? மலையிடப் பாதுகாப்புக் குழுமம், ஹாகா, 1990 முதல் இருக்கிறது. மலை ஊர்களில் எங்கே கட்டலாம், எங்கே தோண்டலாம் என்பதில் அதற்குச் சொல் உண்டு. மலை நகரங்களுக்கு முழுமைத் திட்ட வரைவு வரும்போது ஆட்சேபம் சொல்ல அவகாசம் தருவார்கள். அந்த அவகாசத்தில் மனுப் போடுபவர்கள் கட்டட உரிமையாளர்களும் நாலைந்து சூழல் ஆர்வலர்களும்தான். 2,07,000 ஏக்கர் கீழ்பவானியும், 24,504 ஏக்கர் தடப்பள்ளி – அரக்கன்கோட்டையும், 15,743 ஏக்கர் காலிங்கராயனும் சேர்ந்து "இந்தச் சதுப்பில் கை வைக்காதே" என்று ஒரு மனுப் போட்டால் அதை யாரும் மூலையில் வைத்துவிட முடியாது. நீர் திறப்புக் கூட்டத்தில் நீர்மட்டம் கேட்கிறீர்கள், கூடவே மார்ச், ஏப்ரலில் மலை ஓடைகளில் எத்தனை கன அடி ஓடியது, பில்லூரிலும் குந்தாவிலும் எத்தனை சேறு என்பதையும் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் அளப்பார்கள். அளந்தால் எந்த ஓடையின் மேலே நிலம் கெட்டுப்போகிறது என்று தானாகத் தெரிந்துவிடும்.

பணம் என்ற பேச்சையும் தவிர்க்க முடியாது. இமாசலப் பிரதேசத்தில் பாலம்பூர் நகராட்சி, தனக்குக் குடிநீர் தரும் போஹல் ஊற்றுக்கு மேலுள்ள காட்டைக் காத்துத் தருவதற்காக அந்த ஊர்க்காரர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்க 2010-இல் ஒப்பந்தம் போட்டது. தொகை பெரிதில்லை, ஒப்பந்தம் இருப்பதுதான் விஷயம். கோவை, திருப்பூர் மாநகராட்சிகளும் மின்வாரியமும் பாசனத்துறையும் பவானித் தண்ணீரை வைத்துத்தான் நடக்கின்றன. நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, உங்களுக்கே நெல் விலை கட்டவில்லை. ஆனால் படிநிலம் வெட்டவும், சதுப்பை விட்டுவைக்கிற விவசாயிக்கு ஈடு கொடுக்கவும், குத்தகைக்காரர் ஐந்து வருட உறுதியோடு நிலம் பெறவும் அரசு ஒரு நிதி வைக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டால் "மலைக்காரன் மானியம் கேட்கிறான்" என்பார்கள். நீங்கள் கேட்டால் அது பாசனக் கோரிக்கை.

எங்களைத் திட்டித்தான் கேட்பீர்கள் என்றாலும் சரி, கேளுங்கள். சங்கத்திலிருந்து நாலு பேர் மேலே வந்து பார்த்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. மே மாதம் வேண்டாம், அப்போது மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் குன்னூர்ச் சாலையிலேயே பொழுது போய்விடும். மார்ச்சில் ஒரு முறை, ஓடை மெலிந்திருக்கும்போது. ஜூலையில் மறுபடி, அதே ஓடை கலங்கி வரும்போது. இரண்டையும் பார்க்க வேண்டும். இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஜூலைக்கு அட்டைக்கடி தாங்குகிற செருப்பாகப் போட்டு வாருங்கள். கிளென்மார்கன், சாண்டிநல்லா, கேத்தி பாலாடா, எமரால்டு என்று ஒரே நாளில் சுற்றிக் காட்டிவிடலாம். மதியச் சாப்பாடு எங்கள் ஊரில்.

இப்படிக்கு,
குந்தா வட்டத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவன்